ராட்டினம் நின்ற நிலம்: கோனி ஐலண்டின் 140 ஆண்டுக் கதை

1966 செப்டம்பர் 21. நியூயார்க் நகரின் தென்கோடியில், புரூக்ளினின் கோனி ஐலண்ட் கடற்கரையில் ஒரு விருந்து. அழைத்தவர் ரியல் எஸ்டேட் முதலாளி ஃப்ரெட் டிரம்ப். பின்னாளில் அமெரிக்க அதிபரான டொனால்ட் டிரம்பின் அப்பா. விருந்தாளிகள் கையில் செங்கல் கொடுத்தார்கள். எதிரே ஸ்டீபிள்சேஸ் பூங்காவின் கண்ணாடி மண்டபம். அதன் முகப்பில் காது வரைக்கும் பல்லைக் காட்டிச் சிரிக்கும் கோமாளி முகம். அந்தக் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைப்பதுதான் அன்றைய கேளிக்கை. நீச்சலுடை அணிந்த மாடல் பெண்கள் பத்திரிகைக் கேமராக்களுக்குப் போஸ் கொடுத்தார்கள். மண்டபத்துக்குப் பாரம்பரியச் சின்னம் என்ற பாதுகாப்பு கிடைத்துவிடுவதற்குள் இடித்துத் தள்ளும் அவசரம் அது என்று அப்போதே பேசிக்கொண்டார்கள்.

அந்த மண்டபத்தைக் கட்டியது ஒரு பெருந்தீக்குப் பிறகு. நெருப்பால் அழிக்க முடியாத பூங்காவை ஒரு கிரயப் பத்திரம் அழித்தது.

கோனி ஐலண்டின் கதை முழுக்க இப்படித்தான். உலகின் கேளிக்கைப் பூங்காக்களுக்கெல்லாம் தாய்வீடு என்று சொல்லத்தக்க இடம் அது. ரோலர் கோஸ்டர் வியாபாரமானது அங்கே. தலைகீழாகச் சுற்றும் ரயில் அமெரிக்காவில் பேர் பெற்றது அங்கே. சுற்றுச்சுவர் எழுப்பி, வாசலில் டிக்கெட் கிழித்து உள்ளே விடும் பூங்கா என்ற ஏற்பாடு வேரூன்றியதும் அங்கேதான். அங்கே வந்து போன ராட்டினங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் எது நிலைத்தது, எது மறைந்தது என்று பார்த்தால், தீர்ப்பைச் சொன்னது பெரும்பாலும் ராட்டினத்தின் வேகமோ உயரமோ இல்லை. அதற்கு அடியில் இருந்த மண்.

நிலக்கரி வண்டியின் பேரன்

பெயரில்தான் தீவு. இடையிலிருந்த ஓடையைத் தூர்த்ததில் அது என்றோ நிலத்தோடு ஒட்டிவிட்டது. 1860, 70களில் ரயில் பாதைகள் வந்த பிறகு நியூயார்க் மக்கள் கோடைக்கு அங்கே குவியத் தொடங்கினார்கள். கிழக்குப் பக்கம் பணக்காரர்களின் ஓட்டல்கள். மேற்குப் பக்கம் சூதாட்டமும் சாராயமும். நடுவில் பீர்த் தோட்டங்களும் குளியல் விடுதிகளும். 1876ல் சார்லஸ் லூஃப் என்ற மரச்சிற்பி, தன் கையால் செதுக்கிய குதிரைகளை வைத்து அங்கே முதல் குதிரை ராட்டினத்தை நிறுத்தினார்.

1884 ஜூன் மாதம் லாமார்கஸ் தாம்ப்சன் என்பவர் ‘ஸ்விட்ச்பேக் ரயில்வே’ என்ற மர ரயிலைத் திறந்தார். காலுறை வியாபாரத்தில் காசு பார்த்தவர், பக்திமான். சாராயக் கடைக்குப் போகும் இளைஞர்களுக்கு வேறொரு யோக்கியமான பொழுதுபோக்கைக் கொடுக்க நினைத்தவர் என்று சொல்வார்கள். யோசனை அவருக்குப் பென்சில்வேனியாவின் மாக் சங்க் மலையிலிருந்து கிடைத்தது. அங்கே நிலக்கரி ஏற்றிய வண்டிகள் மலைச் சரிவில் தம் எடையாலேயே கீழே உருண்டுவரும் பாதை ஒன்று 1827 முதல் இருந்தது. நிலக்கரிக்கு வேறு பாதை வந்ததும் அந்த வண்டிகளில் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்து ஏறினார்கள். சுரங்கத்தில் வேலையாக இருந்தது கடற்கரையில் விளையாட்டாயிற்று.

தாம்ப்சனின் ரயில் மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர் வேகம்தான் போகும். இன்றைக்கு ஒரு சைக்கிள் அதை முந்திவிடும். பயணிகள் பாதையைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார்கள். ஒரு கோபுரத்திலிருந்து புறப்பட்டு, மேடு பள்ளங்களில் ஏறி இறங்கி, மறு கோபுரத்தின் அடியில் நிற்கும். எல்லாரும் இறங்க வேண்டும். ஆட்கள் வண்டியைத் தள்ளி மேலேற்றி, பக்கத்துத் தண்டவாளத்துக்கு மாற்றிய பின் திரும்பிவரும் பயணம். கட்டணம் 5 சென்ட். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான டாலர் வசூலானது.

காசு கொட்டும் இடத்தில் போட்டி வராமல் இருக்குமா? ஓராண்டுக்குள் சார்லஸ் அல்கோக் என்பவர் பாதையை வளைத்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வைத்தார். இறங்கி ஏறும் தொல்லை தீர்ந்தது. அடுத்து ஃபிலிப் ஹிங்கிள் என்பவர், பயணிகளோடு சேர்த்தே வண்டியை இயந்திரத்தால் உச்சிக்கு இழுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். பயணிகள் இப்போது முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். ‘கட, கட’ என்று மெல்ல ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, பிறகு விழுவது என்ற இன்றைய ரோலர் கோஸ்டரின் இலக்கணம் ஓரிரு கோடைக்குள் எழுதி முடிக்கப்பட்டது.

கழுத்தைப் பிடித்த வட்டம்

1895ல் பால் பாய்டன் வந்தார். ரப்பர் உடை அணிந்து ஆறுகளையும் கடல்களையும் நீந்திக் கடந்து உலகப் புகழ் பெற்றவர். நிலத்தைச் சுற்றி வேலி போட்டு, கடல்சிங்கங்களை வித்தை காட்ட வைத்து, வாசலில் நுழைவுக் கட்டணம் வாங்கினார். ‘சீ லயன் பார்க்’ என்று பெயர். சரிவில் வழுக்கிவந்து குளத்துத் தண்ணீரில் துள்ளும் தட்டைப் படகுகள் அங்கே பெரிய ஈர்ப்பு. இன்று தண்ணீர் தெறிக்கும் சவாரி இல்லாத பூங்கா ஏது?

அதே பூங்காவில்தான் ‘ஃப்ளிப் ஃப்ளாப்’ ரயில் தலைகீழாகச் சுற்றியது. பார்க்கக் கூட்டம், ஏறத்தான் ஆளில்லை. காரணம் அதன் வளையம் முழு வட்டம். நேர்ப் பாதையில் வேகமாக வரும் வண்டி, வட்டத்துக்குள் நுழைந்த அந்த நொடியிலேயே முழு வளைவையும் சந்திக்கிறது. உடம்பின் எடை சட்டென்று பல மடங்காகிறது, கழுத்து தாங்குவதில்லை. பலர் கழுத்து வலியோடு இறங்கினார்கள். 1901ல் எட்வின் பிரெஸ்காட் வட்டத்தை நீள்வட்டமாக்கி ‘லூப் த லூப்’ கட்டினார். கழுத்து வலி குறைந்தது. ஆனால் ஒரு வண்டியில் நான்கே பேர். காசு கொடுத்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம், ஏறியவர்கள் குறைவு. பத்தாண்டுக்குள் அதுவும் மூடப்பட்டது. பிறகு 1970களில்தான் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஷ்டெங்கல், நுழையும்போது மெல்ல வளைந்து உச்சியில் மட்டும் இறுக வளையும் கண்ணீர்த்துளி வடிவத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். தலைகீழ்ச் சுற்று நிரந்தரமாகத் திரும்பி வந்தது அதற்குப் பிறகே.

மூன்று பூங்கா, பத்து லட்சம் பல்பு

கோனி ஐலண்டின் பொற்காலத்தை மூன்று பூங்காக்கள் பங்கு போட்டுக்கொண்டன.

முதலாவது ஸ்டீபிள்சேஸ். ஜார்ஜ் டில்யூ அந்தக் கடற்கரையிலேயே வளர்ந்தவர். 1893ல் தேனிலவுக்குச் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போனார். ஃபெர்ரிஸ் கட்டிய மாபெரும் ராட்டினத்தைக் கண்டு மயங்கி விலை கேட்டார். வேறொருவருக்கு முடிந்துவிட்டது என்றார்கள். ஊர் திரும்பி, அதில் பாதி உயரம்கூட இல்லாத ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, காலி மனையில் ஒரு பலகை நட்டார்: உலகிலேயே பெரிய ராட்டினம் இங்கே வரப்போகிறது! வியாபாரம் பலகையிலேயே தொடங்கிவிட்டது.

1897ல் பூங்காவைத் திறந்தார். தண்டவாளத்தில் ஓடும் மரக்குதிரைகளின் பந்தயம் முக்கிய சவாரி. குதிரைக்கு இரண்டு பேர் ஏறலாம். காதலர்கள் கட்டிப்பிடித்துக்கொள்ள ஊர் அறிய ஒரு சாக்கு. சவாரி முடிந்து வெளியே போகிறவர்கள் ஒரு மேடையைக் கடந்தாக வேண்டும். தரையிலிருந்து காற்று சீறித் தொப்பியைப் பறக்கடிக்கும், பாவாடையைத் தூக்கும். கோமாளி துரத்துவான். முன்னால் அதே அவமானத்தைப் பட்டு முடித்தவர்கள் உட்கார்ந்து சிரிப்பார்கள். அடுத்தவர் திண்டாடுவதைப் பார்ப்பதும் ஒரு பண்டம்தான் என்று கண்டுபிடித்தவர் டில்யூ.

இரண்டாவது லூனா பார்க். ஃபிரெடரிக் தாம்ப்சன், எல்மர் டண்டி என்ற இருவர் 1901 பஃபலோ கண்காட்சியில் ‘நிலவுக்கு ஒரு பயணம்’ என்ற காட்சியை நடத்தினார்கள். சிறகு வைத்த கப்பலில் பார்வையாளர்கள் ஏற, ஓவியத் திரைகள் நகர, விசிறிகள் காற்றடிக்க, கப்பல் நிலவில் ‘இறங்கும்’. அங்கே நிலவுவாசிகளாக வேடமிட்டவர்கள் பாலாடைக்கட்டி கொடுத்து வரவேற்பார்கள். இன்றைய சிமுலேட்டர் சவாரிகளுக்கு முப்பாட்டன் அது. அந்தக் கப்பலின் பெயர் லூனா. நஷ்டப்பட்டுப்போன பாய்டனின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, 1903 மே 16 அன்று அதே பெயரில் பூங்காவைத் திறந்தார்கள். இரண்டரை லட்சம் மின்விளக்குகள். வீட்டில் மின்சாரம் இல்லாத லட்சக்கணக்கானோர், இரவைப் பகலாக்கிய கோபுரங்களைப் பார்க்கவே 10 சென்ட் கொடுத்தார்கள்.

அந்த ஒளிக்குப் பின்னால் இருட்டும் உண்டு. பூங்கா திறப்பதற்கு முன்பே, 1903 ஜனவரியில், ‘டாப்ஸி’ என்ற யானைக்கு விஷம் கொடுத்து, மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். எடிசன் நிறுவனத்தார் அதைப் படமெடுத்தார்கள். மறுவருஷம், கர்சன் பிரபு நடத்திய டெல்லி தர்பாரைப் போலச்செய்து யானை, ஒட்டகங்களோடு ஓர் ஊர்வலக் காட்சி நடந்தது. நம் நாட்டில் பேரரசு தன் அதிகாரத்தைக் காட்ட நடத்திய விழா, நியூயார்க் கடற்கரையில் கோடைக்கால வேடிக்கையானது. 1905ல் பிலிப்பைன்ஸ் மலைவாழ் மக்களைக் குடிசை போட்டு உட்கார வைத்துக் காட்சிப் பொருளாக்கினார்கள். கேளிக்கையின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டக் கூடாது.

மூன்றாவது ட்ரீம்லேண்ட், 1904. அரசியல்வாதியும் நில வியாபாரியுமான வில்லியம் ரெனால்ட்ஸ் கட்டியது. லூனாவில் இரண்டரை லட்சம் பல்பு என்றால் இங்கே பத்து லட்சம் என்று விளம்பரம். எங்கும் வெள்ளை மாளிகைகள். நடுவில் 375 அடிக் கோபுரம். குள்ளமானவர்கள் முந்நூறு பேரைக் குடியமர்த்திய ஒரு சிறு நகரம். அதற்குத் தனித் தீயணைப்புப் படைகூட உண்டு. பிரபலமான காட்சி எது தெரியுமா? அடுக்குமாடி ஒன்று தீப்பிடிக்க, ஜன்னலிலிருந்து ஆட்கள் குதிக்க, வீரர்கள் காப்பாற்றும் நாடகம்.

பெட்டிச் செய்தி: டிக்கெட் வாங்கிப் பார்த்த குழந்தைகள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மக்களிடம் 25 சென்ட் வாங்கிக் காட்டினார் மார்ட்டின் கௌனி. 1903 முதல் 1943 வரை நாற்பது கோடைகள் கோனி ஐலண்டில் இது நடந்தது. கேட்டால் நெஞ்சு பதறும். ஆனால் அன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் இன்குபேட்டர் இல்லை. இத்தகைய குழந்தைகள் பிழைக்காது என்று கைவிட்டுவிடுவார்கள். கௌனி பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. செவிலியர் சம்பளம், தாய்ப்பால் கொடுக்கும் பெண்களுக்கான செலவு எல்லாம் நுழைவுக் கட்டணத்திலிருந்து வந்தது. அவர் முறையாக மருத்துவம் படித்தவர்தானா என்ற சந்தேகம் இன்றும் உண்டு. அவரிடம் வந்த சுமார் 8,000 குழந்தைகளில் 6,500 பேர் பிழைத்ததாகக் கணக்கு. நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில் குறைமாதக் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியபோது, தன் வேலை முடிந்தது என்று கடையைக் கட்டினார்.

தீ சொன்ன தீர்ப்பு

1907 ஜூலையில் ஸ்டீபிள்சேஸ் எரிந்தது. மறுநாள் டில்யூ வாசலில் பலகை வைத்தார்: இதைவிடப் பெரிதாகக் கட்டப்போகிறேன், எரிந்த இடத்தைப் பார்க்கக் கட்டணம் 10 சென்ட். சாம்பலிலும் காசு பார்த்தவர், சொன்னபடியே மறுவருஷம் இரும்பும் கண்ணாடியும் கொண்ட ஐந்து ஏக்கர் மண்டபத்தை எழுப்பினார். மழை பெய்தாலும் வியாபாரம் நடக்கும்.

1911 மே 27, ட்ரீம்லேண்டின் கோடை தொடங்கவிருந்த நாள். விடிவதற்கு முன், ‘நரக வாசல்’ என்ற படகுச் சவாரியில் ஒழுகலைச் சரிசெய்யத் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். விளக்குகள் வெடித்தன, இருட்டில் தார் வாளி கவிழ்ந்தது. மரச்சட்டத்தின் மேல் நாரும் சுண்ணமும் பூசிக் கட்டிய மாளிகைகள் சில மணி நேரத்தில் சாம்பல். பிடரி எரியத் தெருவுக்கு ஓடிவந்த சிங்கத்தைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். பூங்காவில் இருந்த கௌனியின் இன்குபேட்டர் குழந்தைகள் அத்தனை பேரையும் காப்பாற்றிவிட்டார்கள். தினம் தினம் தீயணைப்பு நாடகம் நடந்த பூங்காவை நிஜத் தீயிலிருந்து காப்பாற்ற முடியவில்லை.

டில்யூ மீண்டும் கட்டினார், ரெனால்ட்ஸ் கட்டவில்லை. டில்யூவுக்கு அது பிழைப்பு, பிறந்து வளர்ந்த ஊர். ரெனால்ட்ஸுக்கு அது முதலீடுகளில் ஒன்று. ட்ரீம்லேண்ட் இருந்த மனை நகர நிர்வாகத்தின் கைக்குப் போனது. 1957ல் அங்கே நியூயார்க் அக்வேரியம் வந்தது. லூனா பார்க் 1944 ஆகஸ்ட்டில் பற்றி எரிந்தது. அதன் நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள். மூன்று தீ, மூன்று விதமான முடிவு. மண் யாரிடம், என்ன நோக்கத்தோடு இருந்தது என்பதே வித்தியாசம்.

ஐந்து சென்ட் சாம்ராஜ்யம்

1920ல் சுரங்க ரயில் கோனி ஐலண்ட் வரை வந்தது. டிக்கெட் 5 சென்ட். தையல் தொழிற்சாலைப் பெண்களும் துறைமுகத் தொழிலாளர்களும் குழந்தை குட்டிகளோடு இறங்கினார்கள். நேதன்ஸ் கடையில் ஹாட் டாக் 5 சென்ட். 1923ல் கடலோரம் அகலமான மரப்பலகை நடைபாதை திறக்கப்பட்டது. வெயில் கொளுத்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து லட்சம் பேர் கூடினார்கள். லூனா, ட்ரீம்லேண்ட் காலத்து ஜோடனை மாளிகைகளுக்கு இனி வேலையில்லை. குறைந்த காசில், குறைந்த நேரத்தில், உயிர் போய் உயிர் வரவேண்டும். அதற்கேற்ற இயந்திரங்கள் வந்தன.

1920லேயே வந்தது வொண்டர் வீல். சார்லஸ் ஹெர்மன் வடிவமைத்த 150 அடி இரும்பு ராட்டினம். மொத்தம் 24 கூண்டுகள். 8 மட்டுமே விளிம்பில் நிலையாகத் தொங்கும். மீதி 16 கூண்டுகள் சக்கரத்துக்குள் வளைந்து செல்லும் தண்டவாளத்தில் நிற்கின்றன. சக்கரம் சுழலச் சுழல, ஒரு கட்டத்தில் கூண்டு ‘சர்’ரென்று வழுக்கி, கடலை நோக்கிப் பாய்வதுபோல் போய் ஊசலாடி நிற்கும். ஜயன்ட் வீலில் அமைதியாக ஊரைப் பார்க்கலாம் என்று நம்பி ஏறியவர்கள் அலறுவார்கள்.

1927 ஜூன் 26 அன்று சைக்ளோன் திறந்தது. தாம்ப்சனின் முதல் ஸ்விட்ச்பேக் நின்ற அதே இடம். வெர்னன் கீனன் வடிவமைத்தது. முதல் சரிவு 85 அடி, ஏறக்குறைய 60 பாகைச் சாய்வு. வேகம் மணிக்கு 96 கிலோமீட்டர். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான பயணம். தாம்ப்சனின் வண்டிக்கும் இதற்கும் இடையில் நாற்பத்து மூன்று வருஷம். வேகம் ஏறத்தாழ பத்து மடங்கு.

அந்தத் தாவலுக்கு ஒரு சிறு சக்கரம் காரணம். பழைய வண்டிகள் தண்டவாளத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தன. மேட்டைச் சற்று வேகமாகத் தாண்டினால் வண்டி துள்ளித் தடம் விலகும். ஜான் மில்லர் என்ற வடிவமைப்பாளர் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் வைத்து வண்டியைப் பாதையோடு பூட்டினார். அதன் பிறகே உச்சியில் பயணியின் உடம்பு இருக்கையை விட்டு எழும்பும் அளவுக்குச் சரிவைச் செங்குத்தாக்க முடிந்தது. இன்றுவரை உலகில் ஓடும் ரோலர் கோஸ்டர்களில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. சைக்ளோனின் பாதை மரம். தாங்கும் சட்டம் எஃகு. எரிந்துபோன பூங்காக்கள் கற்றுக்கொடுத்த பாடம் அதில் இருக்கிறது.

1939 உலகக் கண்காட்சிக்காக நகரின் இன்னொரு பகுதியில் எழுப்பிய பாராசூட் கோபுரத்தை டில்யூ குடும்பம் விலைக்கு வாங்கி 1941ல் ஸ்டீபிள்சேஸில் நிறுத்தியது. ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி, பாராசூட் வீரர்களின் பயிற்சிக்காக உருவாக்கிய இயந்திரத்தின் கேளிக்கை வடிவம் அது. இரண்டு பேரை ஒரு துணி இருக்கையில் கட்டி, 250 அடி உயரத்துக்கு இழுத்து, விட்டுவிடும். நிலக்கரி வண்டி ரோலர் கோஸ்டரானதுபோல் போர்ப் பயிற்சியும் சவாரியானது. உழைக்கிறவர்களின் விடுமுறைக்கு உழைப்பின் கருவிகளையே உருமாற்றிக் கொடுத்தது கோனி ஐலண்ட்.

புல்டோசர் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காற்று திசை மாறியது. வீட்டுக்கு வீடு கார், கூடத்தில் டி.வி., ஜன்னலில் ஏ.சி. கார் வைத்திருந்தவர்கள் லாங் ஐலண்டின் புதுக் கடற்கரைகளுக்குப் போனார்கள். அந்தக் கடற்கரைகளை உருவாக்கிய ராபர்ட் மோசஸ்தான் நியூயார்க்கின் பூங்காத் துறைக்கும் பல்லாண்டு அதிகாரி. ராட்டினமும் கூச்சலும் அவருக்குப் பிடிக்காது; ஒழுங்கான புல்வெளிதான் பிடிக்கும். கேளிக்கைக்கான நிலத்தைச் சுருக்கிக் குடியிருப்புகளுக்கு வழிவிடும் திட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. பழைய தெருக்களை இடித்து உயர்ந்த கட்டடங்கள் எழும்பின. கூட்டம் கலைந்தது, திருட்டு பயம் வந்தது, கடைகள் மூடின.

ஸ்டீபிள்சேஸ் 1964ல் கடைசியாகக் கதவடைத்தது. மறுவருஷம் நிலத்தை வாங்கிய ஃப்ரெட் டிரம்ப், ஏற்கெனவே அதே வட்டாரத்தில் ‘டிரம்ப் வில்லேஜ்’ குடியிருப்பைக் கட்டியிருந்தவர். கண்ணாடி உடைந்ததோடு சரி. குடியிருப்புக்கு நகர நிர்வாகம் அனுமதி தரவில்லை. கடைசியில் நகரத்துக்கே நிலத்தை விற்றார். உலகப் புகழ் பெற்ற பூங்கா நின்ற இடம் முப்பதாண்டுக்கும் மேல் பெரும்பாலும் பொட்டலாகக் கிடந்தது. 2001ல் ஒரு பேஸ்பால் மைதானம் வந்தது. இடிக்காமல் விட்டது பாராசூட் கோபுரத்தை மட்டும். சவாரி இல்லை, பாராசூட் இல்லை. வெறும் இரும்புச் சட்டம் இன்றும் நிற்கிறது. புரூக்ளினின் ஈஃபில் கோபுரம் என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள்.

பிடிவாதக்காரர்கள்

எல்லாரும் ஓடவில்லை. 1962ல், உலகமே விண்வெளிப் பைத்தியமாக இருந்தபோது, டூயி ஆல்பர்ட் என்பவர் ராக்கெட் சவாரிகளோடு ‘ஆஸ்ட்ரோலேண்ட்’ பூங்காவைத் தொடங்கினார். 1970களின் தொடக்கத்தில் சைக்ளோன் நகரத்தின் கையில் இருந்தது. அக்வேரியத்தை விரிவுபடுத்த அதை இடிக்கும் திட்டம். ‘சைக்ளோனைக் காப்பாற்றுங்கள்’ என்று மக்கள் கிளம்பினார்கள். திட்டம் கைவிடப்பட்டது, ஆல்பர்ட் குடும்பம் குத்தகைக்கு எடுத்துச் செப்பனிட்டு 1975 ஜூலையில் மீண்டும் ஓட்டியது. 1988ல் நகரத்தின் பாரம்பரியச் சின்னம் என்ற பாதுகாப்பும், 1991ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடமும் சைக்ளோனுக்குக் கிடைத்தன.

வொண்டர் வீலின் கதை இன்னும் சுவாரஸ்யம். கிரேக்கத்திலிருந்து வந்து ஹாட் டாக் வண்டி தள்ளிய டீனோ வூர்டெரிஸ், ஒருநாள் இந்த ராட்டினத்தை உனக்கு வாங்கித் தருகிறேன் என்று மனைவி லூலாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். 1983ல் வாங்கியே விட்டார். துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, ஒவ்வொரு குளிர்காலமும் கூண்டுகளைப் பராமரித்துக் குடும்பமே ஓட்டுகிறது. 1977 ஜூலையில் நியூயார்க் முழுக்க மின்சாரம் போனபோது, ராட்டினத்தில் மாட்டிக்கொண்டவர்களைக் கையால் சுற்றியே இறக்கினார்கள் என்பது அந்த இயந்திரத்தின் பெருமை. அந்த ராட்டினமும் 1989ல் பாரம்பரியச் சின்னமானது.

சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காதவற்றின் கதி வேறு. மில்லர் வடிவமைத்த 1925ஆம் ஆண்டு ‘தண்டர்போல்ட்’ ரோலர் கோஸ்டர் 1982ல் நின்றது. வுடி ஆலனின் ‘ஆனி ஹால்’ படத்தில் ரோலர் கோஸ்டருக்கு அடியில் ஒரு வீடு வருமே, அது இதுதான். கொடி படர்ந்து கிடந்ததை 2000ல் நகர நிர்வாகம் இடித்துத் தள்ளியது.

மீண்டும் லூனா

2000களில் நில விலை ஏற, ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம் மனை மனையாக வாங்கியது. 2006ல் ஆஸ்ட்ரோலேண்ட் நிலமும் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. குத்தகைப் பேச்சு முறிந்து 2008 செப்டம்பரில் பூங்கா மூடப்பட்டது. பழைய கதை திரும்பும்போல் இருந்தது. ஆனால் இம்முறை நகர நிர்வாகம் தலையிட்டு, 2009ல் ஏறக்குறைய 7 ஏக்கரை 9.56 கோடி டாலருக்கு வாங்கி, கேளிக்கைக்கே என்று ஒதுக்கியது. 2010 மே மாதம் இத்தாலிய ராட்டினத் தயாரிப்பாளரான ஸாம்பெர்லாவின் கிளை நிறுவனம் அங்கே பூங்காவைத் திறந்தது. பெயர், லூனா பார்க். 2014ல் புதிய தண்டர்போல்ட்டும் வந்தது. மரமில்லை, செங்குத்தாக விழும் எஃகுப் பாதை.

2012 அக்டோபரில் சாண்டி புயல் கடலைத் தெருவுக்குள் கொண்டுவந்தது. மோட்டார்களில் உப்புநீர். அடுத்த வசந்தத்தில் சைக்ளோனும் வொண்டர் வீலும் சுழன்றன. வொண்டர் வீல் நூற்றாண்டு கொண்டாட வேண்டிய 2020ல் கொரோனா வந்து கோடை முழுக்க நிறுத்தியது. 2021ல் மீண்டும் திறந்தது. கடைசியாக வந்தது சூதாட்ட விடுதித் திட்டம். ஓட்டல், அரங்கு, காசினோ என்று பெரிய வரைபடம். உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள். 2025 செப்டம்பரில் பரிசீலனைக் குழு அதை நிராகரித்தது.

இவ்வளவையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது என்ன? பத்து லட்சம் பல்பு எரிந்த பூங்கா இல்லை. நிலவுக்குப் பறந்த கப்பல் இல்லை. நூறு வயதை நெருங்கும் ஒரு மரப்பாதையும் நூறைத் தாண்டிய ஓர் இரும்புச் சக்கரமும் இருக்கின்றன. புதுமையில் அவற்றை மிஞ்சிய சவாரிகள் எத்தனையோ வந்து போயின. இவை இரண்டுக்கும் மட்டும் சேர்ந்து அமைந்தவை மூன்று: இடிக்க விடாத சட்டம், துரு சேர விடாத கைகள், வேறெதற்கும் விற்க முடியாத நிலம். மூன்றில் ஒன்று இல்லாதவை போய்விட்டன. ஸ்டீபிள்சேஸ் மண்டபமும் பழைய தண்டர்போல்ட்டும் அதற்குச் சாட்சி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கோனி ஐலண்டில் கடற்கரைக்கும் நடைபாதைக்கும் இன்றும் நுழைவுக் கட்டணம் கிடையாது. சுரங்க ரயிலில் இறங்கி, காற்று வாங்கி, ஒரே ஒரு சவாரிக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுத் திரும்பலாம். ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒருநாள் முழுக்க உள்ளே அடைந்து கிடக்கும் இன்றைய தீம் பார்க்குகளிலிருந்து அது மாறுபடுவது இங்கேதான். அதனாலேயே, அதற்கு ஆபத்து வரும்போதெல்லாம் குரல் கொடுக்க ஓர் ஊரே இருந்தது.

எந்த ஊரானாலும் பூங்காவைத் திறக்கும் நாளில் எல்லாரும் ராட்டினத்தின் உயரத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி கீழே இருக்கிறது: இந்த நிலம் யாருடையது, இன்னும் முப்பது வருஷம் கழித்து இதை என்ன செய்வதாக உத்தேசம்? அதற்கு எழுத்தில் பதில் வாங்கி வைத்த ஊரில்தான் பேரப்பிள்ளைகளும் அதே ராட்டினத்தில் ஏற முடியும்.